வெள்ளைக் குதிரையில் வந்த பாட்டன்

எங்கள் வம்சத்தைத் தொடங்கிவைத்த பாட்டன் ஒரு வெள்ளைக் குதிரையில் வந்தார். பெரியப்பா அப்படித்தான் சொல்லுவார். பங்குனி உத்திரத்தன்று எங்கள் குலசாமி சாஸ்தா கோயிலில், மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, வந்திருக்கும் சொக்காரப் பங்காளிகள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுவார். அந்தக் குதிரை வருஷத்துக்கு வருஷம் வளரவும் செய்தது. எனக்கு விவரம் தெரிந்த முதல் வருஷம் அது சாதாரணக் குதிரை. அடுத்த வருஷம் அதன் பிடரி மயிர் தரையைத் தொட்டது. அதற்கும் அடுத்த வருஷம் பாட்டனின் இடுப்பில் வாள் ஏறியது. அப்படியே விட்டிருந்தால் குதிரைக்கு இறக்கை முளைத்து, எங்கள் குடும்பம் ஆகாய மார்க்கமாகச் சங்கரன்கோவிலில் வந்து இறங்கியதாக வரலாறு முடிந்திருக்கும்.

முடியாமல் போனதற்கு நான்தான் காரணம். அப்போது எனக்கு ஒன்பது வயது. குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் இந்தக் குற்றச்சாட்டு இன்றைக்கும் அவ்வப்போது தலைகாட்டும். பெரியப்பா மகன் அதற்கென்றே ஒரு குதிரைப் படத்தைப் போனில் சேமித்து வைத்திருக்கிறான். அனுப்பட்டும். இத்தனை வயதுக்குள் நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். அதையும் விட்டுக்கொடுக்கிறதாக இல்லை.

இத்தனைக்கும் அந்தக் குதிரையை என்னைவிட அதிகமாக நம்பினவர் யாரும் கிடையாது. கோயில் யானை தெருவில் வரும்போது மற்ற பிள்ளைகள் வாயைப் பிளந்து நிற்பார்கள். நான் மட்டும் சொந்தத்தில் வாகனம் உள்ளவளைப் போல உதட்டைப் பிதுக்குவேன். வீட்டில் அப்பாவிடம் இருந்ததென்னவோ ஒரு பழைய மொபெட். அதையும் நானும் அம்மாவும் பின்னால் தள்ளினால்தான் கிளம்பும்.

பெரியப்பா தாலுகா ஆபீசில் வேலை பார்த்தவர். ஆகவே அவருடைய வரலாறு கச்சிதமாக இருக்கும். மேற்கே மலையடிவாரத்தில், சிவகிரிப் பக்கம், மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. வெள்ளைக்காரன் ஆண்ட காலம். பாட்டன் குதிரையேறிக் கிழக்கே வந்தார். கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல்; கரிசல் முழுக்க உடைமுள். இறங்கிக் குதிரையைக் கட்டினார். முள்ளை வெட்டினார். கிணறு தோண்டினார். சோளம் விதைத்தார். நாம் வந்தோம். ‘நாம்’ என்று சொல்லும்போது எங்கள் எல்லாரையும் கையால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவார். சோளத்தோடு சோளமாக நாங்களும் முளைத்துவிட்ட மாதிரி இருக்கும். பாட்டி என்று ஒருத்தி அந்த வரலாற்றில் எங்கேயுமே வரமாட்டாள். குதிரை இருக்கும்போது பாட்டி எதற்கு என்று நானும் கேட்டதில்லை.

அத்தை, பெரியப்பாவுக்குத் தங்கை, அப்பாவுக்கு அக்கா. அவளைச் சிவகிரியில் கட்டிக்கொடுத்திருந்தது. எனக்கு ஏழு வயது நடக்கும்போது, ஒரு மத்தியானம், சிவகிரி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். நகை கொண்டுவரவில்லை. பட்டுச்சேலை கொண்டுவரவில்லை. கல்யாணத்தில் சீராகக் கொடுத்த வெண்கலப் பொங்கல் பானையை மட்டும் இடுப்பில் இடுக்கிக்கொண்டு வாசலில் நின்றாள்.

“இத மட்டுமா மதினி சொமந்துட்டு வாரிய?” என்று அம்மா கேட்டாள்.

“எங்கப்பன் வாங்கித் தந்த பானை. இதுல இன்னொருத்தி பொங்க வேண்டாம்னு எடுத்துட்டு வந்துட்டேன்.”

பக்கத்து வீட்டுக்காரி பானையை இரவல் கேட்டிருப்பாள் போல என்று நினைத்துக்கொண்டேன். அதற்காகவா ஒருத்தி ஊரை விட்டு வருவாள் என்றும் நினைத்தேன்.

வந்த வேகத்தில் அத்தை பின்கட்டில் கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்க ஆரம்பித்தாள். மாவுக்குத்தான் கிரைண்டர். மீன்குழம்புக்கு மசாலா அம்மியில் அரைத்தால்தான் ஆச்சு என்பது அவள் கட்சி. அம்மாவுக்கு இது வசதியாகப் போயிற்று. நான் செய்கிற சேட்டைக்கெல்லாம் தண்டனை அம்மி என்று தீர்ப்பாகிவிட்டது. நான் நல்ல சேட்டைக்காரி. எங்கள் வீட்டில் மீன்குழம்புக்குக் குறைவே வந்ததில்லை.

இனி, கோயில் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். கல்யாணம் ஆன ஆண் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. ஒரு தலைக்கட்டுக்கு ஓர் அடுப்பு. அடுப்புகள் வரிசையாக இருக்கும். பொங்கியதும் ஒவ்வொரு பானையிலிருந்தும் படையல் எடுத்து, அந்தத் தலைக்கட்டின் பெயரை மைக்கில் சொல்லி, அங்கே சாமியாக நிற்கும் பாட்டன் முன்னால் வைப்பார்கள். பெண்ணுக்குத் தலைக்கட்டு கிடையாது. கட்டிக்கொடுத்த பெண், புருஷன் வீட்டுச் சாஸ்தாவுக்குப் போய்விட வேண்டும். அத்தை வந்த முதல் வருஷம், வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எங்கள் அடுப்புக்குக் காய் நறுக்கிக் கொடுத்தாள்.

அடுத்த வருஷம் உத்திரத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால், பெரியப்பா எங்கள் வீட்டில் தோசை தின்றுகொண்டிருந்தபோது சொன்னாள்.

“இந்த வருசம் நான் தனியாப் பானை வைக்கப் போறேன்.”

“ஏட்டி, கட்டிக் குடுத்த பிள்ளைக்கு மாப்ள வீட்டுச் சாஸ்தாதான். வேணும்னா அங்கன போய் வையி.”

“அங்கன வைக்கதுக்கு ஆள் வந்தாச்சு.”

“அப்பம் எங்கயும் வைக்காண்டாம். தலைக்கட்டு இல்லாதவளுக்கு எதுக்குட்டி பானை?”

“தலைக்கட்டு இல்லாதவ சுட்ட தோசைதான் அது. கீழ வச்சிருங்க.”

பெரியப்பா தோசையைப் பார்த்தார். சட்னியைப் பார்த்தார். தின்று முடித்துவிட்டுத்தான் கோபித்துக்கொண்டு எழுந்து போனார்.

அவர் போன பிறகு அம்மா அத்தையிடம், “எதுக்கு மதினி வம்பு, நம்ம பானையில நீங்களும் ஒரு கை அரிசி போடுங்களேன்” என்றாள்.

“ஒரு கை அரிசி போடுததுக்கு நான் விருந்தாளியாட்டி?” என்றாள் அத்தை. “புருசன்தான் இல்லன்னு ஆச்சு, பிள்ளையும் இல்ல. இன்னாருன்னு சொல்லிப் போய் நிக்கதுக்கு ஒரு சாமியாவது இருக்கட்டும். பொறந்த ஊர்ல அதுக்கும் இடம் இல்லன்னா, நான் எங்கன இருந்துதான் வந்தேன்?”

அங்கே வைப்பதற்கு வந்த ஆள் நன்றாகச் சமைக்கிற ஆளாக இருக்கும் என்பதுதான் அன்றைக்கு நான் அறிந்த விஷயம்.

உத்திரத்தன்று மினி லாரியில் போய் இறங்கினோம். இளையரசனேந்தல் போகிற ரோட்டிலிருந்து பிரிந்து கரிசலுக்குள் போகிற மண்பாதையில் இருக்கிறது கோயில். பாட்டன் திருத்திய காட்டில் எங்களுக்கென்று அப்போதே மிஞ்சியிருந்தது அந்தக் கோயிலும் ஒரு போர்வெல்லும்தான். சாஸ்தாவுக்கு வலது பக்கம் பாட்டனுக்கு ஒரு சின்ன அறை. வாசல் இடுப்பு உயரம். உள்ளே பாட்டன் வேட்டி கட்டி, தலைப்பாகை வைத்து, வெள்ளிக் கண்ணும் முறுக்கு மீசையுமாக, கழுத்து தெரியாமல் மாலை போட்டு நிற்பார். பெண்கள் வாசலுக்கு வெளியே நின்று கும்பிட வேண்டும்.

அத்தை வரிசையின் கடைசியில் மூன்று கல்லை வைத்து அடுப்புக் கூட்டினாள். சித்தப்பா வந்து ஒரு கல்லை எடுத்துக்கொண்டு போனார். பெரியப்பா சொல்லி அனுப்பியிருந்தார். இரண்டு கல்லில் பானை நிற்காது. அத்தை வேறொரு கல்லைக் கொண்டுவந்து வைத்தாள். சித்தப்பா அதையும் எடுத்துக்கொண்டு போனார். அப்புறம் அத்தை ஓடைப் பக்கம் போய் ஒரு கல்லை உருட்டிக்கொண்டு வந்தாள். அதைக் கல் என்று சொல்லக் கூடாது, சின்ன மலை. சித்தப்பா குனிந்தார். நிமிர்ந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

“எக்கா, என்னய ஏன் இப்படிச் சங்கடப்படுத்துத?”

“தூக்குல. தூக்கிட்டு ஒங்கண்ணன்ட்டக் கூலி கேளு.”

அப்பா இது எதிலும் இல்லை. அவருக்கு ஊரில் பம்ப்செட் ரிப்பேர் கடை. எங்கே சண்டை நடந்தாலும் அங்கேயிருக்கிற மோட்டாரில் அவருக்கு ஏதோ சத்தம் கேட்டுவிடும், பார்க்கப் போய்விடுவார்.

பெரியப்பா மைக்கைத் தட்டி வரலாற்றை ஆரம்பித்தார். பஞ்சம் வந்தது. பாட்டன் குதிரை ஏறினார். நான் முன்வரிசையில் நின்று, அடுத்து வாள் வரப்போகிறது என்று வாயைத் திறந்து காத்துக்கொண்டிருந்தேன்.

“பஞ்சத்துல மனுசனுக்கே கஞ்சி இல்ல,” என்று அடுப்பு வரிசையின் கடைசியிலிருந்து குரல் வந்தது. “குதிரைக்கு எவன் கொள்ளு வச்சான்?”

பெண்கள் பக்கம் ஒரு சிரிப்புக் கிளம்பி, சேலைத் தலைப்புகளுக்குள் ஒளிந்துகொண்டது.

“இடையில பேசப்படாது,” என்றார் பெரியப்பா மைக்கில். “அது சாதாரணக் குதிரை இல்ல.”

“சாதாரணக் குதிரை இல்லன்னா திங்காதோ?”

எனக்கு அத்தைமேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. என் குதிரையைப் பட்டினி போட வந்துவிட்டாள். அவள் அடுப்பிலிருந்து இன்னொரு கல்லை நானே உருவிவிடலாமா என்றுகூட யோசித்தேன். அந்தக் கோபத்தில்தான், அறைக்குள் பாட்டனுக்கு எண்ணெய்க்காப்புச் செய்ய ஆள் இல்லாமல் பெரியப்பா தேடியபோது, நான் முந்திக்கொண்டு ஓடினேன். எப்போதும் பையன்கள்தான் உதவிக்குப் போவார்கள். அன்று அத்தனை பேரும் ஐஸ் வண்டிக்குப் பின்னால் போய்விட்டார்கள். “சின்னப் பிள்ளதான, நீ வாட்டி” என்றார் பெரியப்பா. எண்ணெய்ச் சொம்போடு குனிந்து உள்ளே போனேன். பெரியப்பா மைக்கைத் தோளில் மாட்டியபடியே பின்னால் வந்தார். அதை யாரிடமும் நம்பிக் கொடுக்க மாட்டார்.

திரையை இழுத்துவிட்டார். மாலையை எடுத்தார். தலைப்பாகை, வெள்ளிக் கண் எல்லாம் எடுத்தார். வேட்டியில் கை வைத்ததும் நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். எவ்வளவு பழைய தாத்தாவாக இருந்தாலும் அவர் குளிக்கிறதைப் பார்க்கலாமா? “எண்ணெய் தேயி” என்றார் பெரியப்பா. கண்ணை மூடியபடியே இரண்டு கையிலும் எண்ணெயை அள்ளித் தேய்த்தேன்.

என் கைதான் முதலில் கண்டுபிடித்தது. மேலே ஒடுங்கி, நடுவில் பருத்து, கீழே மறுபடி ஒடுங்கியது. ஒடுங்கிய இடத்தில் உள்ளங்கை தானாகப் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. கண்ணைத் திறந்தேன்.

“பெரியப்பா, இது அம்மிக் கொழவில்லா.”

“வாய மூடு. பாட்டன்.”

“இல்ல பெரியப்பா. நான் எப்பவும் பிடிக்கதுதான. இங்கன ஒரு கை, அங்கன ஒரு கை. பாருங்க, மொளகா அரைச்சு அரைச்சு இந்தப் பக்கம் தேஞ்சிருக்கு.”

பெரியப்பா பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம்தான் இரண்டு பேருக்கும் உறைத்தது, வெளியே ஒரு சத்தமும் இல்லை என்று. குதிரையையும் வாளையும் ஊருக்குச் சொன்ன அதே ஒலிபெருக்கிக் குழாய், மிளகாய் அரைத்த செய்தியையும் கொஞ்சம்கூடக் குறைக்காமல் கரிசல் முழுக்கக் கொண்டுபோயிருந்தது.

யோசித்துப் பாருங்கள். எங்கள் வம்சத்து ஆண்கள், தலைமுறை தலைமுறையாக அந்தக் கல்லுக்கு எண்ணெய் தேய்த்திருக்கிறார்கள். சந்தனம் சாத்தியிருக்கிறார்கள். மீசை வரைந்திருக்கிறார்கள். ஒருவருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. அவர்களில் ஒருவரும் ஒரு நாளும் அரைத்ததில்லை. அரைத்த கைகளை அந்த வாசலுக்குள் விட்டதும் இல்லை.

முதலில் வந்தது பெரியம்மா. அப்புறம் சித்தி, அம்மா, மற்ற வீட்டுப் பெண்கள். வாசலில் குனிந்து ஒவ்வொருத்தியாகப் பார்த்தார்கள். பார்த்த உடனே தெரிந்துவிட்டது எல்லாருக்கும். வேட்டியை மறுபடி சுற்ற முயன்ற பெரியப்பாவுக்கு எண்ணெய் வழுக்கியது.

“பாட்டன் அவரு வீட்டுக்காரிக்காகக் குதிரையில வச்சுக் கொண்டாந்திருப்பாரு,” என்றார்.

அம்மா பெரியப்பாவிடம் நேருக்கு நேர் பேசியதே கிடையாது. அன்றும் பேசவில்லை. கதவு நிலையைப் பார்த்துச் சொன்னாள்: “எந்த ஊர்ல பொண்டாட்டிக்கு அம்மி தூக்குதாங்க? எங்க வீட்டுல கேஸ் சிலிண்டர வாசல்ல இருந்து அடுப்படிக்கு உருட்ட ஆள் இல்ல.”

அத்தை கடைசியாக வந்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

“அம்மியத் தூக்க முடியாது,” என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. “கொழவிய மட்டும் இடுக்கிட்டு ஒருத்தி நடந்தே வந்திருக்கா. கொழவி இருந்தாப் போதும், போற இடத்துல எந்தப் பாறையில வச்சும் அரைச்சுக்கிடலாம்லா.”

சொல்லிவிட்டுத் திரும்பித் தன் அடுப்புக்குப் போய்விட்டாள்.

ஆண்கள் எல்லாரும் அறை வாசலில் கூடிவிட்டார்கள். கல் எதுவானால் என்ன, சாமி ஆகிவிட்டால் சாமிதான் என்றது ஒரு கட்சி. கல் சாமிதான், ஆனால் பாட்டன்தானா என்றது இன்னொரு கட்சி. “அதெல்லாம் கெடக்கட்டும். இப்பம் வேட்டி கட்டவா, சேலை கட்டவா? அதச் சொல்லுங்க மொதல்ல,” என்றார் சித்தப்பா, எண்ணெயும் கையுமாக. இந்தக் கேள்விக்கு வந்திருந்த தலைக்கட்டுகள் அத்தனை பேரும் தனித்தனியே அபிப்பிராயம் சொன்னார்கள். அந்தச் சந்தடியில், வரிசையின் கடைசியில் புகை எழுந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

அவர்கள் திரும்பிப் பார்த்தபோது அத்தையின் பானை பொங்கிக்கொண்டிருந்தது. வெண்கலத்தின் நாலு பக்கமும் நுரை வழிந்து அடுப்பில் விழுந்து சுரீர் என்றது.

பானை பொங்கினால் பெண்கள் குலவை இடுவார்கள். குலவை விழுந்த பானையைப் படைக்காமல் இறக்கக் கூடாது. சாஸ்தாவே சொன்னாலும் கூடாது. குலவை விழாவிட்டால் அது வெறும் சோறு. தனக்குத் தானே யாரும் குலவை இட்டுக்கொள்வதில்லை. அத்தை கரண்டியைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி நின்றாள். பெரியப்பா பெண்களைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன பொருள் என்று எல்லா வீட்டிலும் தெரியும். நுரை அடங்க ஆரம்பித்தது.

முதல் குலவை எங்கள் அடுப்பிலிருந்துதான் வந்தது. சிலிண்டருக்கு ஆள் இல்லை என்று நிலையிடம் முறையிட்ட என் அம்மா, கண்ணை மூடிக்கொண்டு, நாக்கைச் சுழற்றி, கரிசல் அதிரக் குலவை இட்டாள். மூச்சு முட்டி அவள் நிறுத்துவதற்குள் பெரியம்மா எடுத்துக்கொண்டாள். அவள் பெரியப்பாவுக்கு நேர் முன்னால் நின்றுதான் இட்டாள். அப்புறம் வரிசை முழுக்கப் பிடித்துக்கொண்டது. நானும் இட்டேன். எனக்குக் குலவை வராது. தொண்டைக்குள் தவளை மாட்டியது போல ஒரு சத்தம் வரும். யாரும் குறை சொல்லவில்லை.

படையல் ஆரம்பமாயிற்று. வேட்டியா சேலையா என்பது தீராததால் குழவிக்கல்லை வெறும் சந்தனம் குங்குமத்தோடு நிறுத்தியிருந்தார்கள். பெரியப்பா குரல் இறங்கிப்போய், ஒவ்வொரு தலைக்கட்டின் பெயராகச் சொல்லி வாழையிலையை வாங்கி வைத்துக்கொண்டு வந்தார். வரிசை கடைசிக்கு வந்தது. அத்தை இலையை நீட்டினாள். பெரியப்பா வாங்கவில்லை. மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார்.

“யார் பேர்ல?”

“எம் பேர்லதான்.”

“தலைக்கட்டுப் பேரு கேக்கேன்.”

“அதான் சொல்லுதேன்.”

இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். அத்தை இலையைத் தாழ்த்தவில்லை. போர்வெல் பக்கமிருந்து அப்பா கிரீஸ் கையோடு வந்தார். வாழ்நாளில் அண்ணனை எதிர்த்துப் பேசாதவர். அன்றும் எதிர்த்துப் பேசினார் என்று சொல்ல முடியாது.

“அண்ணே, சொல்லுங்க. சோறு ஆறுது,” என்றார்.

பெரியப்பா மைக்கைப் பொத்தியிருந்த கையை எடுத்தார். தொண்டையைச் செருமினார். குழாயில் ஒரு பெண்ணின் பெயர் வந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் வீட்டில் அக்கா இருந்தாள், மதினி இருந்தாள், ஏட்டி இருந்தாள், தெருவுக்கு மாவு அக்கா இருந்தாள். அந்தப் பெயரில் யாருமே இல்லை. எங்கேயிருந்தோ புதிதாக ஒரு சொந்தம் வந்திருக்கிறது, அவள் பெரிய ஆளாகவும் இருக்க வேண்டும் என்று தோன்றியது. பெரியப்பா மைக்கில் சொல்லிய முதல் பெண் அல்லவா. “யாரும்மா அது? நம்ம ஆளா?” என்று அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன். அம்மா புகை பட்டது போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் புது ஆளைப் பார்த்துவிட வேண்டும் என்று குதிகாலை உயர்த்தி எக்கி எக்கிப் பார்த்தேன். முன்னால் அத்தை அசையாமல் நின்றுகொண்டிருந்தாள்.

“அத்தை, கொஞ்சம் தள்ளுங்க,” என்றேன் எரிச்சலோடு. “ஆள் தெரிய மாட்டேங்கு.”